நாற்பத்தேழாம் நம்பர் கார்டு

பம்பாய் மாட்டுங்காவில் விஜயலக்ஷ்மியின் கையெழுத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் யாராவது இருந்தால், அவர் போன வாரம்தான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுத, பஜனை மண்டலிக்கு நோட்டீஸ் எழுத, கோர்ட்டுக்குப் போகிற மனுவைப் பிரதி எடுக்க, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் "எனக்கெங்கே நேரம்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பேனா மூடியைத் திருகுவாள். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, அண்ணா வீட்டில் இருந்தாள். தான் எழுதியதில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. அதை ரகசியமாக வைத்துக்கொள்ள அவள் பெரிதாகப் பாடுபட்டதில்லை.

அவள் டைப்பிஸ்டாக இருந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குப் பெரியவர் டாக்டர் அனந்தகிருஷ்ணன். அறுபத்து மூன்றாம் வருஷம் அவரை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது. ஜுரம் ஏறும்போது சில குழந்தைகளுக்குக் கண் செருகிக் கைகால் வெட்டி இழுக்கிறதே, அந்தக் குழந்தைகள் பிற்பாடு என்ன ஆகிறார்கள்? வலிப்பு ஜுரத்தோடு வந்து ஜுரத்தோடு போய்விடுகிறதா? இல்லை, வளர்கிற மூளையில் ஒரு தழும்பை வைத்துவிட்டுப் போய், பின்னால் ஜுரமே இல்லாமல் வருகிற காக்காய் வலிப்பாக மாறுகிறதா? புத்தகங்கள் ஆளுக்கொன்று சொல்லின. அவையும் குளிர்தேசத்துக் குழந்தைகளைப் பார்த்து எழுதியவை. நம் பிள்ளைகளை ஐந்து வருஷம் விடாமல் பார்த்துவிடுவது என்று டாக்டர் தீர்மானித்தார். பார்க்க அவர் இருந்தார். எழுதத்தான் ஆள் வேண்டியிருந்தது.

விஜயலக்ஷ்மிக்கு ஒரு மேஜை கிடைத்தது, ஒரு மரப்பெட்டி கிடைத்தது, தையற்காரர் வைத்திருப்பது போல ஒரு டேப் கிடைத்தது. ஒரு குழந்தைக்கு ஒரு கார்டு. பேர், வயசு, எத்தனாவது வலிப்பு, எத்தனை நிமிஷம், எடை, தலையின் சுற்றளவு, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது, எத்தனை வார்த்தை பேசுகிறது. தலையை அளப்பது அவள் வேலை. வளர்கிற தலைதான் வளர்கிற மூளைக்குச் சாட்சி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டேப்பின் கோட்டின் மேல் குனிந்து, அரை சென்டிமீட்டர் பிசகாமல் படிப்பாள். அந்த நேரத்தில் குழந்தை அழுதாலும் சரி, எச்சில் வடித்தாலும் சரி, அவளுக்குத் தெரியாது.

ஆறே மாதத்தில் அவள் பெட்டியைப் பார்க்காமலே கார்டு எடுக்கப் பழகிவிட்டாள். வாசலில் ஆள் வரும்போதே நம்பர் சொல்லிவிடுவாள். ஜூனியர் டாக்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறிக்கொண்டிருந்தார்கள். அவள் மாறவில்லை. அதனால் குழந்தைகளைப் பற்றி அவள் சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை. ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் அவள் கழுத்தில் பாக்கி.

நாற்பத்தேழாம் நம்பர் தாராவியிலிருந்து வந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வாட்டசாட்டமான ஒருத்தி, தோளில் ஒரு குழந்தை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே சீராக அழுதுகொண்டிருந்தார்கள். குழந்தையின் கையில் யாரோ ஒரு இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள்.

"டாக்டர் ஸாப் கிதர் ஹை? ஜல்தி, ஜல்தி!" என்று ஆஸ்பத்திரி அதிர இந்தியில் கத்திய அந்த வாட்டசாட்டம், விஜயலக்ஷ்மியின் நெற்றியில் விபூதிக் கீற்றைப் பார்த்ததும் தமிழுக்கு இறங்கியது. "ஏம்மா, பிள்ள கண்ண மேல சொருகிட்டான், பாக்கச் சொல்லுங்கம்மா!"

வலிப்பு நின்று, ஜுரத்துக்கு ஈரத்துணி போட்ட பிறகு, விஜயலக்ஷ்மி கார்டை எடுத்தாள்.

"குழந்தை பேர்?"

"ராசா."

"கூப்பிடற பேர் இல்லை. நிஜப் பேர்."

"ராசாதாம்மா."

"அப்பா பேர்?"

அவள் திரும்பித் தன் படையைப் பார்த்தாள். படை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. "தோல் பட்டறையில வேல பாக்காவ," என்றாள்.

புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பது விஜயலக்ஷ்மிக்கும் தெரியும். அவள் மன்னியும் சொல்வதில்லை. அதனால் மேற்கொண்டு குடையாமல், முத்துப் போன்ற எழுத்தில் 'ராஜா, தகப்பனார் தோல் பட்டறை, தாராவி' என்று எழுதி முடித்தாள். தூக்கிவந்தவளின் பேர் சொர்ணம்மாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை, இரண்டு தடவை சொன்னாள்.

அதற்குப் பிறகு பதினாலு மாதத்தில் சொர்ணம்மாள் இன்னும் ஆறு தடவை வந்தாள். அதே தோள், அதே கூச்சல், அதே அழுகைப் படை. வாசலில் அவள் குரல் கேட்டதுமே விஜயலக்ஷ்மி "நாற்பத்தேழு" என்று கார்டை உருவி வைத்துவிடுவாள். கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கும் பழக்கமெல்லாம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

ஆனால் நாற்பத்தேழு டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. முதல் தடவை தலை நாற்பத்தேழு சென்டிமீட்டர். அடுத்த தடவை நாற்பத்தெட்டரை. மூன்றாவது தடவை நாற்பத்தைந்து.

"தலை சுருங்குமா அம்மா?" என்றார் டாக்டர்.

"டேப்பை வேணா மாத்திப் பாருங்கோ. நான் படிச்சதிலே தப்பு இல்லை," என்றாள் விஜயலக்ஷ்மி. டேப்பை மாற்றினார்கள். அடுத்த தடவை நாற்பத்தொன்பது வந்தது. அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டது, தலைக்குத்தான் கிடைக்கவில்லை.

ஓடுகிறான் என்று எழுதியிருந்த குழந்தை அடுத்த தடவை பிடித்துக்கொண்டுதான் நின்றது. பத்து வார்த்தை பேசினவன் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஏழாவது தடவை வந்தபோது, கார்டின்படி இரண்டே கால் வயதுப் பையன், ஒன்றே கால் வயதுக் குழந்தை போலத் தத்தக்கா பித்தக்கா என்று இரண்டு அடி வைத்து உட்கார்ந்துவிட்டான். டாக்டர் அவனை வெகுநேரம் பார்த்தார். வயசுக்கு ரொம்பச் சின்னவன் என்று வருத்தப்பட்டார். கற்றதையெல்லாம் மூளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது அவருக்கு.

"ஏழு தடவை வலிப்பு வந்ததா?" என்று சொர்ணம்மாளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஆமா ஸாப். ஏழு வாட்டியும் நாந்தான் தூக்கிட்டு ஓடியாந்தேன்," என்றாள் சொர்ணம்மாள், மெடல் வாங்குகிற மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எடுக்கச் சொன்னார். கோடுகள் சுத்தமாக இருந்தன. ஒரு தடவை சரியாக வந்தால் காக்காய் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது என்றார் டாக்டர். அது வாஸ்தவம்தான். ஆனால் அந்த இடத்தில் உண்மை பேசியது அந்த மிஷின் ஒன்றுதான். அதை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் கார்டை நம்பினார்கள். கார்டின் கையெழுத்து அப்படி.

பையனுக்குத் தினசரி இரண்டு வேளை பினோபார்பிட்டோன் மாத்திரை, வலிப்பை அடக்கித் தூக்கத்தில் ஆழ்த்துகிற மருந்து. வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டும், மூளை பின்னால் போவதை நிறுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொர்ணம்மாளுக்குப் பின்னால் நின்ற ஒல்லியான பெண் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, அதைக் கேட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று விஜயலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். மாத்திரையை மாதாமாதம் சொர்ணம்மாளே வந்து வாங்கிப் போனாள்.

எட்டு மாதம் போயிற்று. அறுபத்தைந்து ஜூனில் பூனாவில் டாக்டர்கள் மாநாடு. வலிப்பு வளர்கிற மூளையைக் கெடுக்கும் என்பதற்கு நாற்பத்தேழாம் நம்பரை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார் அனந்தகிருஷ்ணன். பத்து நாள் இருந்தது. கடைசியாக ஒரு தடவை தலை அளவு வேண்டும் என்றார். சொர்ணம்மாள் அந்த மாதத்து மாத்திரையை முன்னாடியே வாங்கிப் போயிருந்தாள்.

"நானே போய் எடுத்துண்டு வந்துடறேன்," என்றாள் விஜயலக்ஷ்மி.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு அரைமணி நேர நடை. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்த அரைமணி நேரத்தை அதுவரை ஒரு தடவையும் நடந்ததில்லை. குடை, டேப், உறையில் போட்ட கார்டு, மூக்குக்கு ஒரு கைக்குட்டை. தோல் பட்டறை வாசனைக்கு முன்னால் கைக்குட்டை சீக்கிரமே தோற்றுப்போனது. சேற்றில் செருப்பு ஒன்றுக்கு இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. சந்துக்குள் நுழைந்து குழாயடியில் நின்றவளிடம் கேட்டாள்.

"ராஜா வீடு எது?"

"எந்த ராசா?"

"வலிப்பு வருமே, அந்த ராஜா."

"எல்லாவனுக்குந்தான் வந்துது," என்றாள் குழாயடிக்காரி, குடத்தை நகர்த்தாமலே.

அதற்குள் சொர்ணம்மாள் பார்த்துவிட்டாள். "ஏட்டி, கார்டம்மா வந்திருக்காவ! ஏல, ராசா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். வரிசையாக இருந்த ஐந்து கதவுகளில் நாலிலிருந்து நாலு பையன்கள் ஓடிவந்தார்கள்.

விஜயலக்ஷ்மி கார்டைப் பார்த்தாள். பையன்களைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாலு பேர்தான்.

"இதிலே எவன் ராஜா?"

"எல்லாவனுந்தான்." சொர்ணம்மாள் சிரித்தாள். "எங்க மாமாவுக்கு அஞ்சு ஆம்பளப் பிள்ளைய, அஞ்சு பேரும் இங்ஙனதான் பட்டறையில இருக்காவ. அஞ்சு பேருக்கும் மூத்தவனுக்கு மாமா பேருதான் விட்டிருக்கு. மருமகளுவ நாங்க மாமா பேர வாயால சொல்லலாமா? அதான் எல்லாவனும் ராசா."

"தளவாய்!" என்று குழாயடிக்காரி அங்கிருந்தே உரக்கச் சொன்னாள். அவளுக்கு அவர் மாமனார் இல்லை.

"அப்போ ஏழு தடவை..."

"ஏழுதான். என் பிள்ளைக்கு ரெண்டு, அடுத்தவ பிள்ளைக்கு ரெண்டு, மத்த மூணுக்கும் ஒவ்வொண்ணு. எனக்குத்தான இந்தி வரும், அதான் எல்லாத்தையும் நானே தூக்கியாந்தேன். அன்னைக்கு டாக்டர் ஐயாகிட்டயும் அதத்தான சொன்னேன்?"

சொன்னாள்தான். விஜயலக்ஷ்மியின் கண் கார்டில் எழுதிய அளவுகளின் மேல் ஓடியது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டரை, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது. கார்டில் இருந்த தலைகள் அவள் எதிரே நின்றன, சரியான அளவில், ஒரு சென்டிமீட்டரும் சுருங்காமல். ஒன்று மூக்கை நோண்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சாவது?" என்றாள்.

கடைசி வீட்டுக்குள் சுவரோரம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்த ஒல்லிப் பெண். கடைசி மருமகள், பேர் சண்முகவடிவு. அவன் கண் பாதி திறந்திருந்தது. ஈ உட்கார்ந்தால் ஓட்டக்கூட அவனுக்கு அக்கறை இல்லை. அவனுக்கு வந்தது ஒரே ஒரு வலிப்பு, நாலு நிமிஷம், நல்ல ஜுரத்தில். ஏழு வலிப்புக்கான மாத்திரையை எட்டு மாதமாகத் தின்றுகொண்டிருந்தான்.

"டாக்டர் ஐயா சொன்ன மாதிரியேதாம்மா ஆயிட்டு," என்றாள் சண்முகவடிவு. அழவில்லை. அழுது முடித்துவிட்டவளின் குரல். "ரெண்டு எட்டு வச்சவன் இப்ப எந்திரிக்கவே மாட்டேங்கான். கூப்பிட்டா திரும்பிப் பாக்கவும் மாட்டேங்கான். எனக்கு இது மூணாம் மாசம்மா. இந்தப் பிள்ளயாவது மூளையோட பொறக்கட்டும்னு நேந்துக்கிட்டேன்."

இருட்டின வீட்டுக்குள் டேப்பும் கையுமாக நின்ற விஜயலக்ஷ்மிக்கு அந்தக் கணத்தில் தன் கையெழுத்தின் மேலேயே வெறுப்பு வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மனசு தன் வேலையைக் காட்டியது. ஐந்து புதுக் கார்டு எழுதி, பழைய மையிலேயே எழுதி, நாற்பத்தேழைக் கிழித்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? தேதிகூட நினைவிருக்கிறது. மாட்டுங்கா வருவதற்குள் ஐந்து கார்டையும் மனசிலேயே எழுதி முடித்துவிட்டாள். ஆனால் மாத்திரையை அவளால் நிறுத்த முடியாது. அதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். அவள் கையெழுத்து செல்லாத இடம் ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை டாக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கட்டுரைக் காகிதங்களை மெல்ல அடுக்கினார். அடுக்கினதையே மறுபடி அடுக்கினார்.

"மண்டை சுருங்கித்துன்னு பூனாவிலே போய்ப் படிக்க இருந்தேனே அம்மா," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நானும் குழந்தையைப் பார்த்தேன். வயசுக்குச் சின்னவன்னு நினைச்சேனே தவிர, வயசே சின்னதுன்னு நினைக்கலை." பிறகு நிமிர்ந்தார். "மாத்திரையை ஒரேயடியா நிறுத்திடக் கூடாது. அதுவே வலிப்பைக் கொண்டுவரும். வாரா வாரம் கொஞ்சமா குறைக்கணும், ஆறு வாரம். நீங்களே போய்ப் பார்த்துக்கோங்கோ. அப்புறம்..." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தாயார் கேட்டா, நீங்கள்ளாம் பேரைச் சரியா சொல்லாததாலே வந்த குழப்பம்னு சொல்லிடுங்கோ. ஆஸ்பத்திரிமேல நம்பிக்கை போயிடப்படாது."

விஜயலக்ஷ்மி தலையாட்டினாள். அவளுக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்துப் பிற்பாடு அவளே கூசினாள். முதல் வாரம் போனபோது அப்படியே சொல்லியும் விட்டாள். சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

டாக்டர் பூனாவுக்குப் போய் வேறு கட்டுரை படித்தார். ஜுரத்தில் வரும் வலிப்பு ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஓடுகிறது, ஒரு பாட்டனாரின் ஐந்து பேரன்களுக்கு வந்திருக்கிறது, அதில் நாலு பேர் ஒரு குறையுமில்லாமல் வளர்கிறார்கள், ஐந்தாவது பையனைக் கெடுத்தது வலிப்பு அல்ல, நாங்கள் கொடுத்த மாத்திரை என்று சொன்னாராம். சிலர் எழுந்து கேள்வி கேட்டார்களாம். அவளுக்கு அதில் மனசு ஓடவில்லை. வாரா வாரம் மழையில் குடையோடு தாராவிக்குப் போவதும், மாத்திரையை முக்காலாக, அரையாக, காலாக உடைத்துக் கொடுப்பதுமாக இருந்தாள்.

இரண்டாவது வாரம் பையன் ஈயை ஓட்டினான். மூன்றாவது வாரம் இரவெல்லாம் அழுது ஐந்து வீட்டையும் எழுப்பினான் என்று புகார் வந்தது. நாலாவது வாரம் சுவரைப் பிடித்து நின்றான். ஆறாவது வாரம் விஜயலக்ஷ்மி போனபோது, வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். சண்முகவடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நல்லா வந்திய கார்டம்மா! அரிசிப் பானைய உருட்டிட்டான். பெரியம்மாவ கடிச்சு வச்சிட்டான். ஒரு நிமிசம் ஓஞ்சிருக்க மாட்டேங்கான். அந்தப் பழைய மாத்திர ஒண்ணு இருந்தாத் தாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து விஜயலக்ஷ்மி பார்த்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு நின்றதும் அவள் படியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமாம்மா? அன்னைக்கே நான் மாமா பேரச் சொல்லியிருந்தா, எம்பிள்ளைக்கி இந்த எட்டு மாசம் போயிருக்காதுல்லா? சொல்லப்படாதுன்னு வாய மூடிக்கிட்டேன். நாந்தான கெடுத்தேன்?"

விஜயலக்ஷ்மி குடையை மடக்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தலையாட்டினால் போதும்.

"இல்லைம்மா," என்றாள். "நீ பேரைச் சொல்லியிருந்தாலும் அஞ்சும் ஒரே பேர்தானே? நான் அதே கார்டிலேதான் எழுதியிருப்பேன். அன்னிக்கு உன்கிட்ட நான் பொய் சொன்னேன். தப்பு என்னோடது. ஏழு தடவை தலையை அளந்தேன். ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கலை. எல்லாம் ஒரே குழந்தைன்னு நினைச்சுட்டேன்."

 பரவாயில்லை என்று சண்முகவடிவு சொல்வாள் என விஜயலக்ஷ்மி காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

"எட்டு மாசம்மா," என்றாள் கடைசியில்.

எழுந்து போய்ப் பையனைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். அவன் உதைத்தான். முந்தானையால் அவன் முகத்தை அழுந்தத் துடைத்தாள். சேறும் ஈரமுமாக அவனைக் கொண்டுவந்து விஜயலக்ஷ்மியின் மடியில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாருங்க," என்றாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க. இவந்தான் எம்பிள்ள."